காற்று வாங்க இறங்கிய ஒரு நிமிடம்

1998 ஜனவரி. ஒரு சனிக்கிழமை மதியம், மணி ஒன்று இருபது. புனேயில் புல்கேட்டிலிருந்து ஹடப்சர் பக்கம் போகும் டவுன் பஸ்ஸில், என் ஏழு வயது மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் அந்தச் சூடு கிளம்பியது.

மணி எப்படி இவ்வளவு சரியாக நினைவிருக்கிறது என்று கேட்பீர்கள். சூடு கிளம்பினால் நான் உடனே வாட்சைப் பார்ப்பேன். மூன்று நிமிடம், மிஞ்சிப் போனால் நாலு. அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அடங்கிவிடும். ஒரு வருடமாக அப்படித்தான் சமாளித்துக்கொண்டிருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எனக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது. கல்யாணமாகிப் பதினைந்து வருடம் கழித்துப் பிறந்தவள் என் மகள். அவளை முதல் வகுப்பில் சேர்த்த அன்றே, பள்ளிக்கூட வாசலில் நின்ற ஒரு பெண் சிரித்த முகமாக, "நாத் கா?" என்று கேட்டாள். பேத்தியா என்று மராத்தியில் கேட்கிறாள். அவள் மேல் தப்பில்லை. அங்கே நின்ற அம்மாக்களுக்கெல்லாம் முப்பது வயதுகூட இருக்காது. அன்று வீட்டுக்கு வந்ததும் தலைக்குச் சாயம் வாங்கினேன்.

அடுத்த வருடம் மாதவிலக்கு ஒழுங்கு தப்ப ஆரம்பித்தது. இரண்டு மாதம் வராது, வந்தால் பதினைந்து நாள் நிற்காது. பிறகு ஒரேயடியாக ஐந்து மாதம் ஒன்றுமே இல்லை. எங்கள் வீட்டில் அந்த மூன்று நாட்களும் நான் சாமி விளக்கு ஏற்ற மாட்டேன், கணவர்தான் ஏற்றுவார். ஒன்றும் வராத அந்த ஐந்து மாதமும் நான் காலண்டரைப் பார்த்து நாள் குறித்துக்கொண்டு, "இன்னைக்கு நீங்க ஏத்திடுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவரும் ஒன்றும் கேட்காமல் ஏற்றினார். சிரிப்பாக இருக்கலாம். ஆனால் ஏழு வயதுப் பெண்ணுக்கு அம்மாவாக நிற்க எனக்கு அந்த மூன்று நாட்கள் வேண்டியிருந்தன. அவை போய்விட்டால் வாசலில் நின்ற பெண் கேட்டது உண்மையாகிவிடும் என்று ஒரு பயம்.

மற்றதையெல்லாம் மறைப்பதுதான் கஷ்டமாக இருந்தது. புல்கேட்டை ஒட்டிய கேம்ப் பகுதியில் ஒரு தனியார் அலுவலகத்தில் டைப்பிஸ்டாக இருந்தேன். இருபது வருடப் பழக்கம். அப்படிப்பட்டவள், ஒரே கடிதத்தை ஒரே விலாசத்துக்கு இரண்டு முறை அடித்து வைத்தேன். ரசத்தில் உப்புப் போட்டேனா இல்லையா என்று தெரியாது. பென்சிலைத் தொலைத்துவிட்டாள் என்று மகள்மேல் கை ஓங்கிவிட்டுப் பிறகு குளியலறையில் போய் அழுவேன். பக்கத்து மேஜைக்காரியின் பெயர் திடீரென்று நாக்கில் வராது. டாக்டரிடம் போனால் பிரஷர் பார்த்து நார்மல் என்று சொல்லி, சத்து மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பினார். கேட்க வேண்டியதை நானும் அவரிடம் கேட்கவில்லை.

சரி, பஸ்ஸுக்கு வருகிறேன்.

ஹடப்சரில் எங்கள் நிறுத்தத்துக்குக் காடிதள் என்று பெயர். புல்கேட்டில் காடிதள் போக நிற்கிறவர்கள் யாரும் பஸ் நம்பரைப் பார்ப்பதில்லை. மாஞ்சரி பஸ், புர்சுங்கி பஸ், லோணி பஸ் எல்லாமே காடிதள் வழியாகத்தான் போகும். எது முதலில் வருகிறதோ அதில் தொற்றிக்கொள்வோம். சனிக்கிழமை அலுவலகத்தில் எனக்கும் அரை நாள், பள்ளிக்கூடத்தில் அவளுக்கும் அரை நாள். அன்றும் வந்த பஸ்ஸில் கூட்டத்தோடு ஏறினோம். முன்வாசலுக்குப் பக்கத்திலேயே பெண்கள் சீட் கிடைத்தது. ஜன்னலோரம் அவளை உட்கார வைத்தேன். இரண்டு டிக்கெட்டையும் சுருட்டி வாட்ச் பட்டைக்கு அடியில் செருகினேன்.

நெஞ்சில் கிளம்பிய சூடு கழுத்துக்கு வந்தது, காதுக்கு வந்தது. பஸ்ஸில் எல்லோரும் ஸ்வெட்டரும் மஃப்ளருமாக இருந்தார்கள். எனக்கு முதுகில் தண்ணீர் ஊற்றியது போல் வேர்த்தது. நாலு நிமிடம் ஆயிற்று. அடங்கவில்லை. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. மேலே சாய்ந்து நின்ற ஒரு பெண்ணின் சால்வை என் முகத்தில் பட்டுக்கொண்டே இருந்தது. இன்னும் ஒரு விநாடி இங்கே இருந்தால் செத்துவிடுவேன் என்று தோன்றியது. மிகைப்படுத்தவில்லை, அப்படியேதான் தோன்றியது.

ஃபாத்திமா நகர் நிறுத்தத்தில் பஸ் நின்றது. "இங்கேயே உக்காரு பாப்பா, இதோ வந்துடறேன்" என்று சொல்லி, என் பையை என் இடத்தில் வைத்துவிட்டு எழுந்தேன். இறங்க நினைக்கவில்லை. படியில் நின்று இரண்டு மூச்சு விட்டுவிட்டுத் திரும்பி வந்து உட்காரலாம் என்றுதான் நினைத்தேன். படியில் நின்றதும் பின்னால் இருந்தவர்கள், "உதரா பாயி, உதரா!" என்று கத்தினார்கள். இறங்கும்மா என்கிறார்கள். வழி விடுவதற்காக இறங்கினேன். காற்று முகத்தில் அடித்தது. நிறுத்தத்துக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, ஜில்லென்று இருந்த அந்த இரும்பில் நெற்றியை வைத்தேன். கண் இருட்டியது.

இரண்டு மணி அடித்த சத்தம் கேட்டது. கண்டக்டர் இரண்டு மணி அடித்தால் பஸ் கிளம்பிவிடும்.

நிமிர்ந்து பார்த்தபோது பஸ்ஸின் பின்பக்கம்தான் தெரிந்தது. கத்தினேன். சத்தம் வந்ததா என்று தெரியவில்லை. ஓடினேன். ஸ்கூட்டர்களுக்கும் லாரிகளுக்கும் நடுவே அது மறைந்துவிட்டது.

ஒரு ஆட்டோ என்மேல் மோதுவதுபோல் வந்து நின்றது. டிரைவர் திட்ட வாயெடுத்தவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டார். குழந்தை பஸ்ஸில் போய்விட்டது, பர்ஸும் பையில் போய்விட்டது என்று ஏதோ ஒரு மொழியில் சொன்னேன். "பசா மாவ்ஷி, ஆதி பசா" என்றார். முதலில் உட்காருங்கள் என்று அர்த்தம். வழியில் முன்னால் தெரிந்த ஒவ்வொரு பஸ்ஸுக்கும் பக்கத்தில் ஆட்டோவை ஓட்டி, "இதா? இதா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். இரண்டாவது வரிசை ஜன்னலில் என் மகள் இல்லாத பஸ்கள் இத்தனையா என்று இருந்தது.

காடிதள் போய்ச் சேர்ந்தபோது ஒன்று நாற்பத்தைந்து. நின்றிருந்த நான்கு பஸ்களிலும் ஏறிப் பார்த்தேன். இல்லை.

அங்கே ஒரு தகரக் கொட்டகைதான் கண்ட்ரோலர் ஆபீஸ். வந்து போகிற பஸ்களை எழுதி வைக்கிற ரிஜிஸ்டர், ஒரு போன், காக்கிச் சட்டையில் ஐம்பத்தைந்து வயதிருக்கும் ஒரு கண்ட்ரோலர். சாப்பாட்டு நேரமாதலால் இரண்டு கண்டக்டர்களும் ஒரு போலீஸ்காரரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் மராத்தியில் பேசியதை நான் தமிழில் எழுதுகிறேன்.

"எந்த வண்டி? நம்பர் சொல்லுங்க."

"தெரியாது. எல்லா வண்டியும் இங்கேதானே வரும்னு பார்க்கலை."

"வர்றது சரி. வந்துட்டு எங்கே போச்சுன்னு நான் எதை வச்சுக் கண்டுபிடிப்பேன்? மாஞ்சரிக்கா, புர்சுங்கிக்கா, லோணிக்கா?" என்றவர், பேனாவை எடுத்தார். "சரி, குழந்தை பேர்?"

வாயைத் திறந்தேன். வரவில்லை.

வீட்டில் அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவோம். பள்ளிக்கூடத்துப் பெயர், நானே யோசித்து யோசித்து வைத்த பெயர், இருந்த இடமே தெரியாமல் துடைத்து எடுத்ததுபோல் போய்விட்டது. தலையில் என்ன ரிப்பன் கட்டினேன் என்று கேட்டார். அதுவும் வரவில்லை. காலையில் இந்தக் கையால்தான் கட்டினேன்.

பெஞ்சில் இருந்த போலீஸ்காரர் எழுந்து வந்தார். "பெத்த பொண்ணு பேர் தெரியாதா? ஏன் பஸ்ஸை விட்டு இறங்கினீங்க?"

"தலை சுத்திச்சு."

"தலை சுத்தினா உக்காந்த இடத்துலேயே விழுவாங்க. நீங்க குழந்தையை உக்கார வச்சுட்டு, படியில பத்திரமா இறங்கி நின்னிருக்கீங்க."

ஒரு கண்டக்டர் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே சொன்னார். "பொண்ணுதானே சார். பையனா இருந்தா விட்டுட்டு இறங்குவாங்களா?"

இன்னொருவர், "அம்மாதானான்னு முதல்ல கேளுங்க. வயசைப் பாருங்க" என்றார்.

இவர்கள் என்னைச் சந்தேகப்பட்டு விசாரித்துக்கொண்டிருக்கும் ஒவ்வொரு நிமிடமும் அந்த பஸ் எங்கேயோ போய்க்கொண்டிருந்தது. சோலாப்பூர் ரோட்டில் லாரிகள் போகிற வேகம் எனக்குத் தெரியும். அம்மாவைக் காணோம் என்று அவள் ஏதாவது ஒரு நிறுத்தத்தில் இறங்கிவிட்டால்? ரோட்டைக் கடந்தால்? நான் உண்மையைச் சொல்லாதவரை இவர்கள் போனைத் தொடப் போவதில்லை என்று புரிந்தது. உண்மையைச் சொல்லவோ எனக்கு வார்த்தையே இல்லை. தமிழிலேயே அதை யாரிடமும் சொன்னதில்லை. காக்கிச் சட்டை போட்ட நாலு ஆண்களிடம், அரைகுறை ஹிந்தியில் எப்படிச் சொல்வது?

சொன்னேன். மாதம் வருவது நிற்கிற வயசு சார் என்றேன். ஐந்து மாதமாக இல்லை என்றேன். உள்ளே இருந்து தீ மாதிரி வருகிறது, மூச்சு முட்டுகிறது, வேர்க்கிறது, பெயரெல்லாம் மறந்துபோகிறது, காற்றுக்காகத்தான் படிக்குப் போனேன், வேறு ஒன்றும் இல்லை, அவள் என் பெண், என் வயிற்றில் பிறந்தவள் என்றேன். சொல்லச் சொல்லக் குரல் ஏறிக்கொண்டே போனது. வெளியே பஸ்ஸுக்கு நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

வெற்றிலைக்காரர் வெளியே துப்பப் போகிற சாக்கில் போய்விட்டார்.

கண்ட்ரோலர் தலையைக் குனிந்து ரிஜிஸ்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்: "என் வீட்டுக்காரியும் இப்படித்தான். இந்தக் குளிர்ல கதவைத் திறந்து போட்டுட்டு வாசப்படியில போய் உக்காந்துக்குவா. நாடகம் போடறியான்னு நான் திட்டுவேன்."

மேஜை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"டிக்கெட் இருக்கா?" என்றார் சட்டென்று.

வாட்ச் பட்டைக்கு அடியிலிருந்து எடுத்தேன். வேர்வையில் ஊறி இரண்டும் ஒட்டிக்கொண்டிருந்தன. அவர் நகத்தால் மெல்லப் பிரித்து, மேஜைமேல் விரித்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கடைசி இரண்டு எண்கள் கலைந்துவிட்டிருந்தன. எனக்கு உயிரே போய்விட்டது. "கடைசி எண் எதுக்கு? கட்டு எதுன்னு தெரிஞ்சா போதும்" என்றார். எந்த டிக்கெட் கட்டு எந்த கண்டக்டருக்குக் கொடுத்தது என்று டிப்போவில் தினமும் காலையில் எழுதி வைப்பார்களாம். இருபது வருடமாக நான் கசக்கி எறிந்த காகிதத்தில் இப்படி ஒரு விலாசம் இருந்தது எனக்குத் தெரியாது.

டிப்போவுக்குப் போன் போட்டார். என்கேஜ்டு. மறுபடி போட்டார். என்கேஜ்டு. மூன்றாவது முறை யாரோ எடுத்து, நம்பரை எழுதிக்கொண்டு, காத்திருக்கச் சொன்னார்கள். ரிசீவரைக் காதில் வைத்தபடியே அவர் என்னைப் பார்த்தார். நான் அவருடைய வாயைப் பார்த்தேன்.

"லோணி வண்டி" என்றார் கடைசியில். விரலால் ரிஜிஸ்டரில் தேடினார். "ஒண்ணு முப்பத்தஞ்சுக்கு இங்கே வந்துட்டுப் போயிடுச்சு."

நான் வருவதற்குப் பத்து நிமிடம் முன்னால். என் மகள் எங்கள் நிறுத்தத்தைத் தாண்டித் தனியாகப் போயிருக்கிறாள்.

லோணியில் பஸ் நிற்கிற இடத்தில் போன் கிடையாது. கண்ட்ரோலர் வெளியே போய், புறப்படத் தயாராக இருந்த அடுத்த லோணி பஸ்ஸின் டிரைவரிடம் பேசினார். எதிரே அந்த வண்டி வந்தால் விளக்கைப் போட்டு நிறுத்தி விசாரிக்க வேண்டும், வரவில்லை என்றால் லோணி வரை போய்ப் பார்க்க வேண்டும், வழியில் எந்த நிறுத்தத்திலாவது பள்ளிக்கூட உடுப்பில் ஒரு பெண் குழந்தை தனியாக நின்றால் ஏற்றிக்கொள்ள வேண்டும். டிரைவர் தலையாட்டினார். நான் அந்த பஸ்ஸில் ஏறப் போனேன்.

"நீங்க போகாதீங்க" என்று கண்ட்ரோலர் குறுக்கே வந்தார். "நீங்க அங்கே போய், குழந்தை இங்கே வந்து நின்னா? ஒருத்தியைத் தேடவே படாதபாடு படறேன். ரெண்டு பேரைத் தேட வைக்காதீங்க."

காத்திருந்தேன். அந்த ஒரு மணி நேரத்தை எழுத எனக்குத் தெரியவில்லை. கணவர் அன்று கம்பெனி வேலையாகச் சாகண் போயிருந்தார். அவரைக் கூப்பிட வழியும் இல்லை, கூப்பிட்டாலும் என்ன சொல்வேன் என்று தெரியவில்லை. கொட்டகை வாசலில் நின்றுகொண்டு, லோணிப் பக்கத்திலிருந்து வருகிற ஒவ்வொரு வண்டியையும் பார்த்தேன். கரும்பு லாரி, டெம்போ, டேங்கர், மறுபடி லாரி. ஒரு பஸ் வந்தது. மாஞ்சரி பஸ். கூட்டம் சேர்ந்து என்னையே பார்த்தது. போலீஸ்காரர், "என்ன வேடிக்கை இங்கே? போங்க அவங்கவங்க பஸ்ஸுக்கு" என்று விரட்டினார். டியூட்டி முடிந்தும் அவர் அங்கேயே நின்றார்.

இரண்டரைக்கு மறுபடியும் சூடு கிளம்பியது. இந்த முறை நான் வாட்சைப் பார்க்கவில்லை. ஸ்வெட்டரைக் கழற்றி எறிந்துவிட்டு, முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, எல்லோரும் பார்க்க நின்றேன். கண்ட்ரோலர் அலமாரி மேலிருந்து, ஒட்டடை படிந்த ஒரு டேபிள் ஃபேனை இறக்கி, என் பக்கமாகத் திருப்பிப் போட்டார். பெஞ்சில் இருந்த கண்டக்டர் மஃப்ளரை இழுத்துவிட்டுக்கொண்டு, "சாகறேன் சாஹேப் குளிர்ல" என்றார். "அப்ப எழுந்து வெயில்ல போய் நில்லு" என்றார் கண்ட்ரோலர்.

அந்த ஃபேனுக்கு முன்னால் நின்றபோதுதான், நான் தேடாமலே, அவள் பெயர் வந்தது. ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் பேர் சொல்லிப் பார்த்து, ரிஜிஸ்டரின் ஓரத்தில் எழுதிக்கொண்டார். நல்ல பேர் என்றார். மறுபடி போய்விடுமோ என்ற பயத்தில் அதை வாய்க்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

மூன்று மணி ஐந்து நிமிடத்துக்கு ஒரு பஸ் பட்டப்பகலில் முன்விளக்கை எரியவிட்டுக்கொண்டு வந்தது. முன்படியில் தொங்கிக்கொண்டு வந்த கண்டக்டர் தூரத்திலிருந்தே கையை ஆட்டினார். பஸ் நிற்பதற்குள் குதித்து இறங்கியவர், என்னைப் பார்த்ததும் சண்டைக்கு வருகிற மாதிரி ஆரம்பித்தார்.

"நீங்கதான் மம்மியா? என்ன பொண்ணு பாயி இது! காடிதள்ல ஏறின ஒரு அம்மா உக்காரப் போனாங்க. பையைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு விடவே மாட்டேன்னுடுச்சு. மம்மி சீட்டாம். லோணியில வண்டியே காலி, அப்பவும் பையை எடுக்கலை. உன் மம்மி எங்கேம்மான்னு கேட்டேன். மம்மிக்கு அப்பப்ப உள்ளே சூடாகும், வெளியே போய் நிப்பா, ஆறினதும் வந்துடுவா, வீட்லயும் தினம் அப்படித்தான்னு எனக்குப் பாடம் எடுக்குது. ஒரு சொட்டு அழலை."

வீட்டில் நான் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு பின்பக்க பால்கனியில் போய் நிற்பேன். யாரும் பார்க்கவில்லை என்று ஒரு வருடமாக நம்பிக்கொண்டிருந்தேன்.

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அன்று மாலை கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர், "அப்ப அஞ்சு மாசமா நான் ஏத்தின விளக்கு?" என்று மட்டும் கேட்டார். பிறகு அவரே என்னை ஒரு பெண் டாக்டரிடம் அழைத்துப் போனார். ரத்தம் குறைவாக இருந்தது, அதற்கு மருந்து கொடுத்தார்கள். சூடு அதன் பிறகும் மூன்று வருடம் வந்தது. ஆனால் வரும்போது, "வருது" என்று வாய்விட்டுச் சொல்லிவிடுவேன். இன்றும் பஸ்ஸில், அன்று எனக்கிருந்த வயதை நெருங்குகிற எந்தப் பெண்ணாவது காரணமில்லாமல் வேர்த்துப்போய் உட்கார்ந்திருந்தால், ஜன்னலோர இடத்தை அவளுக்குக் கொடுத்துவிட்டு, கூட யார் வந்திருக்கிறார்கள் என்று பார்த்துக்கொள்கிறேன்.

அன்று என்னைச் சந்தேகப்பட்டவர்களைக்கூட நான் மறந்துவிட்டேன். மறக்க முடியாதது, பையை இரண்டு கையாலும் அணைத்தபடி அந்த பஸ்ஸின் படியில் வந்து நின்று, இறங்குவதற்கு முன்னால், எங்கே போனாய் என்றுகூடக் கேட்காமல், தனக்குத் தெரிந்த அரைகுறைத் தமிழில் என் மகள் கேட்டதுதான்: "மம்மி, காத்து கெடச்சுதா உனக்கு? நான் சீட்டு யாருக்கும் தரல."